ஊதாத வால்வு

அந்த ஒலிப்பதிவை நான்காவது தடவையாகப் போட்டுக் காட்டியபோது லோகநாதன் எழுந்து நின்றான். யாரும் அவனை எழுந்திருக்கச் சொல்லவில்லை.

"நான்தானுங்க தூங்கிட்டேன்," என்றான்.

விசாரணைக் கூடத்தில் எல்லாத் தலைகளும் அவன் பக்கம் திரும்பின. பக்கத்து நாற்காலியில் இருந்த அவன் அக்கா சுகந்தி அவன் சட்டையைப் பிடித்து உட்கார வைக்கப் பார்த்தாள். அவன் உட்காரவில்லை. முகத்தில் கலவரமும் இல்லை. ரொம்ப நாளாகத் தேடிக்கொண்டிருந்த ஒன்று கிடைத்துவிட்டவன் போல நின்றுகொண்டிருந்தான்.

திருப்பூருக்குக் கிழக்கே வேலம்புதூரில் சாயப்பட்டறை பாய்லர் வெடித்து மூன்று மாதம் ஆகியிருந்தது. இரண்டு பேர் செத்துப்போனார்கள். பத்தொன்பது பேர் எப்படியோ வெளியே ஓடித் தப்பினார்கள்; கேட்டால், விசில் கேட்டு ஓடினோம் என்றார்கள். பாய்லர் ஆபரேட்டரான லோகுவை இடிபாட்டிலிருந்து எடுத்தபோது தலையில் அடி, முதுகெல்லாம் வெந்திருந்தது. அன்றைய சாயங்காலத்தில் ஐந்து மணிக்குப் பிறகு என்ன நடந்தது என்று அவனுக்குச் சுத்தமாக நினைவில்லை.

நினைவில்லாத அந்த நேரத்தைப் பட்டறைச் சுவரில் இருந்த மைக் பதிவு செய்திருந்தது. அதில் எல்லாம் தெளிவாக இருந்தது. ஆறு நாற்பதுக்கு பாய்லரின் உறுமல் ஏறுகிறது. பிறகு சேஃப்டி வால்வு திறந்து ஆவி பீறிட்டு ஊதுகிறது. நான்கு நிமிஷம், விடாமல். அந்த நான்கு நிமிஷத்திலும் ஒரு காலடி இல்லை, ஒரு குரல் இல்லை. அப்புறம் வெடி. வால்வு எச்சரித்தது, அடுப்பை அணைக்க வேண்டியவன் எழுந்திருக்கவில்லை என்பது நிர்வாகத்தின் வழக்கறிஞர் இளங்கீரனின் வாதம்.

விசாரணை அதிகாரியாக வந்திருந்த ஓய்வுபெற்ற நீதிபதி வரதராஜுலு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆபரேட்டர் தரப்பில் வேறு சான்று ஏதாவது இருந்தால் மூன்று வாரத்துக்குள் கொண்டு வரலாம். இல்லையென்றால் அறிக்கை போலீசுக்குப் போகும்," என்றார்.

வெளியே வேப்பமரத்தடியில் லோகுவை நிறுத்தி சுகந்தி கேட்டாள். "மூணு மாசமா ஒண்ணும் ஞாபகமில்லைன்னு சொன்னயே. எப்படா ஞாபகம் வந்துச்சு?"

"கேக்கக் கேக்க வந்துச்சுக்கா. மொதத் தடவ போட்டப்ப ஒண்ணும் தெரியல. ரெண்டாந்தடவ போட்டப்ப நாற்காலி ஞாபகம் வந்துச்சு. இப்ப எல்லாமே தெரியுது. தலை சாஞ்சிருக்கு, விசில் ஊதறது கனவுல மாதிரி கேக்குது, எந்திரிக்க முடியல."

சுகந்தி தொழிலாளர் மருத்துவமனையில் காது கேட்கும் திறனைச் சோதிப்பவள். பதினெட்டு வருஷமாக மனிதர்களுக்கு ஹெட்போன் மாட்டி, 'சத்தம் கேட்டா கைய தூக்குங்க' என்று சொல்லிக்கொண்டிருப்பவள். கேட்காத சத்தத்துக்குக் கை தூக்குகிறவர்களை அவள் நிறையப் பார்த்திருக்கிறாள். பொய் சொல்கிறவர்கள் இல்லை அவர்கள். சத்தம் வரும் என்று எதிர்பார்த்துக் காத்திருந்தால், வராத சத்தமும் வந்த மாதிரி இருக்கும். தம்பியின் முகத்தில் அவள் அதைத்தான் பார்த்தாள்.

அடுத்த நாளே லீவு போட்டுவிட்டுப் பட்டறையைச் சுற்றியிருந்த ஒவ்வொரு வாசலிலும் ஏறி இறங்கினாள். அன்றைக்குச் சாயங்காலம் யாராவது எதையாவது பதிவு செய்தீர்களா என்று ஒரே கேள்வி. பாதிப் பேர் கதவைச் சாத்தினார்கள். நான்காம் நாள், ஓடைக்கரைப் புளியமரத்தில் ஒரு காலேஜ் வாத்தியார் வௌவால் சத்தம் பிடிக்கப் பெட்டி கட்டியிருந்தார் என்று மாடு மேய்க்கும் அம்மா ஒருத்தி சொன்னாள்.

விலங்கியல் பேராசிரியர் பிரிட்டோவுக்கு அவள் எதற்கு வந்திருக்கிறாள் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. உட்காரச் சொன்னார்.

"பெட்டி இருந்தது உண்மைங்கம்மா. பட்டறைச் சுவத்துல இருந்து முப்பதடி. பழைய காலத்துப் பெட்டி. வௌவால் கத்துறது நம்ம காதுக்கு எட்டாது, அதனால ஒரு செகண்டுக்கு ஒரு லட்சத்துத் தொண்ணூத்திரெண்டாயிரம் தடவை சத்தத்தை அளந்து எழுதி வைக்கும். அன்னைக்கு நடந்ததும் அதுல இருக்கு. ஆனா..." அவர் மேஜைக் கணினியில் அதைப் போட்டார். உறுமல் ஏறியது. பிறகு வால்வு ஊதியது. கூடத்தில் கேட்ட அதே சத்தம்.

சுகந்தி பையை எடுத்துக்கொண்டாள். எழுந்துவிட்டாள்.

"இருங்கம்மா, ஆனான்னு சொன்னேன்ல. இதப் பாருங்க." அவர் ஒரு தாளை நகர்த்தினார். நீளவாக்கில் ஒரு வரைபடம். "அந்தக் கோப்புல இருக்கிற எண்களை வெச்சு வரைஞ்சது. ஆவி ஊதினா இந்த உயரத்துல பட்டையா ஒரு நிழல் விழணும். நாலு நிமிஷமும் விழணும். எங்க இருக்கு? இல்ல. அதுக்குப் பதிலா இப்படி ஊசி ஊசியா குத்தி நிக்குது. இது என்னன்னு எனக்குத் தெரியல. காதுக்கு விசில் கேக்குது, கண்ணுக்கு விசில் இல்ல."

"போலீஸ்ல சொன்னீங்களா?"

"சொன்னேன். போட்டுக் கேட்டாங்க. விசில் கேக்குதே சார், அப்புறம் படம் எதுக்குன்னாங்க."

அந்தப் பெட்டியின் மெமரி கார்டையும் தாளையும் எடுத்துக்கொண்டுதான் சுகந்தி ஷமீலா பானுவின் கடைக்கு வந்தாள். துணிக்கடைகளின் பில் போடும் கணினிகளைப் பழுது பார்க்கிற கடை. ஷமீலாவுக்கு முப்பத்தெட்டு வயது இருக்கும். காதில் எதுவும் மாட்டியிருக்கவில்லை என்பதே அந்தக் காலத்தில் கொஞ்சம் விசித்திரம். ஊரில் முக்கால்வாசிப் பேர் காலையில் பல் விளக்கும்போது மாட்டும் காதுமணி என்ற குட்டி இயர்போனைத் தூங்கப் போகும்போதுதான் கழற்றுவார்கள்.

தாளையும் பார்த்து, கோப்பையும் கேட்டுவிட்டு ஷமீலா கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்தாள்.

"இது செவ்வொலி பண்ற வேலைக்கா."

"செவ்வொலி சத்தத்தைச் சுத்தம்தானே பண்ணும்? இரைச்சலை எடுத்துட்டுப் பேச்சைத் தெளிவா குடுக்கும்."

"பத்து வருஷத்துக்கு முந்தி அப்படித்தான் வந்துச்சு. இப்ப போன், டிவி, மைக், ஸ்பீக்கர், காதுமணி எல்லாத்துலயும் அந்தச் சில்லு உக்காந்திருக்கு. அது சத்தத்தை அப்படியே அனுப்புறதில்ல. இது என்ன சத்தம்னு புரிஞ்சுக்கும், அப்புறம் அந்தச் சத்தத்தை அதுவே புதுசா செஞ்சு குடுக்கும். லட்சம் பாய்லர் சத்தத்தைக் கேட்டுப் பழகின சில்லுக்கா அது. இவ்வளவு அழுத்தம் ஏறிருச்சா, அடுத்து வால்வு ஊதணும்னு அதுக்குத் தெரியும். ஊதலைன்னா, பதிவுலதான் கோளாறுன்னு நினைச்சு அதுவே ஊதிவிட்டுரும்."

"அப்ப அந்த ஊசி ஊசியா இருக்கிறது?"

"அதுக்குப் புரியாத சத்தம். வெறும் இரைச்சல்னு தூக்கிப் போட்டிருக்கும். வௌவால் பெட்டி பழசு, அதுல சில்லு இல்ல, அதான் கோப்புல அப்படியே நிக்குது."

சுகந்தி தாளை அவள் பக்கம் திருப்பினாள். "உள்ள என்ன சத்தம்தான் இருக்கு? எப்படிக் கேக்குறது?"

"செவ்வொலி இல்லாத கம்ப்யூட்டர்ல கேக்கணும். அப்படிப்பட்ட ஒண்ணு என்கிட்ட இருக்கு." ஷமீலா பின்னறையிலிருந்து ஒரு பழைய டெஸ்க்டாப்பை இழுத்து வந்தாள். முப்பது வருஷத்துக்கு மேற்பட்ட கறுப்பு டப்பா. ஒரு ஜவுளிக்கடையில் பில் போட்டே தேய்ந்தது, பக்கவாட்டில் அந்தக் கடையின் லட்சுமி ஸ்டிக்கர் இன்னும் இருந்தது. "ஆனா சும்மா கேட்டாப் பத்தாதுக்கா. கூடத்துல வக்கீல் விடுவாரா?"

விதி சுகந்திக்கும் மனப்பாடம் ஆகியிருந்தது. எந்த ஒலிச் சான்றாக இருந்தாலும் எடுத்த அளவிலேயே போட்டுக் காட்ட வேண்டும். கோப்பில் உள்ள எண்களும் கருவியிலிருந்து வெளிவரும் எண்களும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். ஒன்று மாறினாலும் அது திருத்தப்பட்ட சான்று.

"ஒரு லட்சத்துத் தொண்ணூத்திரெண்டாயிரம்," என்றாள் சுகந்தி. "அப்படியே வெளிய வரணும்."

"ஒரு பில் போடற மெஷின்கிட்ட ரொம்பத்தான் கேக்குறீங்க," என்று சிரித்துவிட்டு ஷமீலா ஸ்குரூ டிரைவரை எடுத்தாள்.

டெஸ்க்டாப்பின் பின்பக்கம் சின்னச் சதுரத் துளை ஒன்றில் சிவப்பு வெளிச்சம் தெரிந்தது. சத்தத்தை எண்களாகவே ஒளிக்கம்பி வழியாக அனுப்பும் வாசல் அது. அதிலிருந்து ஒரு கம்பியை டி.ஏ.சி. என்று அவள் சொன்ன தட்டையான பெட்டிக்கு இழுத்தாள். எண்களை வாங்கிச் சத்தமாக மாற்றித் தருவது அதன் வேலை. எந்த அளவில் எண்கள் வருகின்றன என்பதை முகப்பு விளக்குகள் காட்டும். ஆயிரக் கணக்கில் 44, 48, 96, 192.

கோப்பைப் போட்டார்கள். 48 எரிந்தது.

"நாலுல மூணு பங்கு போச்சு," என்றாள் ஷமீலா. "பாட்டு, மணிச்சத்தம், எச்சரிக்கைன்னு எது வந்தாலும் இந்தக் கம்ப்யூட்டர் எல்லாத்தையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்து கலந்துதான் வெளிய விடும். இந்தக் கலக்குற எடத்துக்குள்ள போகாம நேரா போகணும்."

நேராகப் போகும் வழியைத் தேட இரண்டு நாள் ஆனது. எந்த நிறுவனமும் இப்போது கொடுக்காத ஒரு பழைய டிரைவர் மென்பொருளை, மங்களூரில் யாரோ ஒருவர் சேர்த்து வைத்திருந்த களஞ்சியத்தில் ஷமீலா கண்டுபிடித்தாள். வேலை முடிந்ததும் சுகந்தி தினமும் மாலை ஐந்துக்கு வந்துவிடுவாள். மூன்றாம் நாள் 96 எரிந்தது. அதோடு நின்றது. 192 என்று கேட்டால் சிவப்பு வெளிச்சம் துடித்துவிட்டு அணைந்தது.

"அந்த விளக்கால அவ்வளவு வேகமா கண் சிமிட்ட முடியலக்கா. ஒளி வழியா இதுக்கு மேல போகாது."

"வேற வழி?"

"தெரியல."

"தெரியலைன்னா தேடலாம். பன்னெண்டு நாள் இருக்கு."

ஷமீலா அவளை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு டப்பாவைச் சாய்த்து மதர்போர்டு மேல் டார்ச் அடித்தாள். ஓரத்தில், யாரும் எதையும் செருகாமலே முப்பது வருஷமாகக் கிடந்த மூன்று பின்கள். பக்கத்தில் எறும்பு எழுத்து. சுகந்திதான் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு அதைப் படித்தாள். டிஜிட்டல் வெளியீடு.

"சுகந்திக்கா!" ஷமீலா அவள் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தாள். "அதே எண்கள் இங்க மின்சாரமாவே வருது. இதுக்குக் கண் சிமிட்டுற தொல்லையே இல்ல."

பின்னில் வரும் மின்னழுத்தம் அந்தப் பெட்டிக்கு ஜாஸ்தி. இரண்டு ரெசிஸ்டர் போட்டு இறக்கி, செம்பு கேபிள் ஒன்றைப் பற்றவைத்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிடக்கூடப் போகாமல். கோப்பைப் போட்டதும் 192 எரிந்தது.

ஆனால் வெளிவந்த எண்களை இன்னொரு பழைய கணினியில் வாங்கி ஒப்பிட்டபோது ஒன்றுகூடப் பொருந்தவில்லை. ஆறு நிமிஷத்துக்கு ஏறக்குறைய ஏழு கோடி எண்கள், அத்தனையும் கொஞ்சம் கொஞ்சம் குறைவு. ஷமீலா சாலிடரைச் சோதித்தாள், கேபிளை மாற்றினாள், டிரைவரை மறுபடி ஏற்றினாள். மாலை நான்கு மணிக்கு நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

சுகந்தி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கணினி தெரியாது. ஆனால் எல்லா அளவும் ஒரே மாதிரி குறைந்தால் அவள் மருத்துவமனையில் முதலில் எதைப் பார்ப்பாளோ அதைப் பார்த்தாள்.

"ஷமீலா, வால்யூம் தொண்ணூத்தெட்டுல நிக்குது."

ஷமீலா கண்ணைத் திறந்தாள். தொண்ணூற்றெட்டை நூறுக்குத் தள்ளினாள். மறுபடி ஒப்பிட்டாள். வித்தியாசம்: பூஜ்யம்.

அப்புறம்தான் ஆம்ப்ளிஃபயரைப் போட்டுக் கேட்டார்கள். பாய்லரின் உறுமல் ஏறியது. வால்வு ஊதவில்லை. அதற்குப் பதிலாக இரும்பின் மேல் இரும்பு விழும் சத்தம் வந்தது. தண். தண். தண். கொஞ்ச நேரம் நிற்கும். மூச்சு வாங்குகிற நேரம் அது. மறுபடி, இன்னும் ஆவேசமாக. நடுவில் ஒரு குரல், பாதி கிழிந்து: "எல்லாரும் வெளிய போங்க! வால்வு தூக்கல! வெளிய போங்க!" மறுபடி தண், தண்.

சுகந்தி எண்ணிக்கொண்டே இருந்தாள். நாற்பத்தொன்று. மாட்டிக்கொண்ட வால்வைச் சுத்தியலால் அடித்துத் திறக்கப் பார்த்திருக்கிறான். நான்கு நிமிஷம். ஓடியிருந்தால் காயமில்லாமல் தப்பியிருப்பான். வெடிச்சத்தம் வருவதற்கு முன் அவள் கையை நீட்டி நிறுத்திவிட்டாள். ஷமீலா தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள். இரண்டு வாய் குடித்துவிட்டு, "கூடத்துக்கு எப்படித் தூக்கிட்டுப் போறது, சொல்லு," என்றாள் சுகந்தி.

குறித்த நாளில் டெஸ்க்டாப், டி.ஏ.சி. பெட்டி, கல்யாண வீட்டு மைக் செட்காரரிடம் வாங்கிய பழைய ஆம்ப்ளிஃபயர், இரண்டு மரப்பெட்டி ஸ்பீக்கர் எல்லாம் ஒரு குட்டி யானை வண்டியில் போய் இறங்கின. கூடத்தின் தொழில்நுட்ப உதவியாளர் ஒரு மணி நேரம் சோதித்தார். எண்கள் பொருந்துகின்றன என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இளங்கீரன் குனிந்து விளக்கைப் பார்த்தார். 192. நிமிர்ந்து தன் இடத்துக்குத் திரும்பினார்.

ஷமீலா பொத்தானை அமுக்கினாள். உறுமல் ஏறியது. தண். தண். தண்.

சுகந்தி நீதிபதியின் முகத்தைப் பார்த்தாள். அதில் ஒரு மாற்றமும் இல்லை. லேசான சலிப்புதான் இருந்தது. ஒரு நிமிஷம் கழித்து அவர் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்.

"அம்மா, விசில்தானே கேட்கிறது. நிர்வாகப் பதிவில் இருந்த அதே விசில். இதற்கா இவ்வளவு ஏற்பாடு?"

இளங்கீரனும் தலையாட்டினார். அவருக்கும் விசில். பின்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சுகந்திக்குத் தன் காதின் மேலேயே ஒரு கணம் சந்தேகம் வந்தது. அப்போது வாசலில் நின்றிருந்த டவாலி, தான் பேசலாமா கூடாதா என்று யோசிக்காமலே பேசிவிட்டார்.

"விசிலுங்களா? எனக்கு யாரோ சுத்தியல்ல அடிக்கிற சத்தம்தானுங்க கேக்குது."

சுகந்தி, ஷமீலா காதுகளைப் போலவே அவர் காதும் வெறுமையாக இருந்தது. சுகந்தி கூடத்தைச் சுற்றி ஒரு தடவை பார்த்தாள். நீதிபதி, வக்கீல், குமாஸ்தா, முன்வரிசை முழுக்க, எல்லார் காதிலும் காதுமணி. ஸ்பீக்கர் உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. காதுக்கு அரை விரல் தூரத்தில் அது மாறிக்கொண்டிருந்தது.

"ஐயா, தயவு செஞ்சு எல்லாரும் காதுமணியைக் கழட்டிட்டுக் கேக்கணும். நீங்களும்."

"ஆட்சேபிக்கிறேன்," என்று இளங்கீரன் எழுந்தார். "ஐயா அவர்களுக்குக் காது மந்தம் என்பது எல்லோருக்கும் தெரியும். கருவி இல்லாமல் அவர் அரைகுறையாகக் கேட்பதை எப்படிச் சான்றாக எடுத்துக்கொள்வது?"

நீதிபதியின் கை காதருகே போய் நின்றது. விழித்திருக்கும் நேரத்தில் அதை அவர் கழற்றி ஆறு வருஷம் இருக்கும். வயதான ஒரு மனிதரை நாலு பேர் நடுவில் செவிடராக உட்காரச் சொல்கிறோம் என்பது சுகந்திக்குத் தெரிந்தே இருந்தது.

"நான் பதினெட்டு வருஷமா காது பாக்கிறவ ஐயா. உங்களுக்கு எந்தச் சத்தமுமே கேக்காதுன்னு இல்ல. தூரத்துல இருந்தா மங்கலா கேக்கும். கீழ எறங்கி வந்து ஸ்பீக்கர் பக்கத்துல உக்காருங்க. என் தம்பிக்காகக் கேக்கல. செத்துப்போன ரெண்டு பேருக்கும் உண்மையில என்ன ஆச்சுன்னு நீங்க கேட்டே ஆகணும்."

வரதராஜுலு மேடையிலிருந்து இறங்கினார். டவாலி ஒரு முக்காலியைக் கொண்டு வந்து போட்டார். காதுமணியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, ஸ்பீக்கரின் துணித் திரைக்கு மிக அருகில் வலது காதைச் சாய்த்து உட்கார்ந்தார். அவரைப் பார்த்து லோகு உட்பட மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கழற்றினார்கள்.

ஷமீலா மறுபடி போட்டாள். இந்தத் தடவை நீதிபதியின் விரல்கள் முழங்கால் மேல் மெல்ல அசைந்தன. எண்ணிக்கொண்டிருந்தார். குரல் வந்தபோது விரல்கள் நின்றன. கடைசிவரை கேட்டார், வெடிச்சத்தம்வரை. அப்புறம் எழுந்து, சத்தம் சரியாகத் தெரியாத மனிதர்கள் பேசுவது போல வேண்டியதற்கு மேல் உரக்க, "அந்த வால்வை இடிபாட்டிலிருந்து எடுத்து வரச் சொல்லுங்கள்," என்றார்.

இளங்கீரன் தன் காதுமணியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வால்வின் தட்டு துருவில் ஒட்டி, கல்லாகக் கிடந்தது. மூன்று வருஷமாக யாரும் அதைத் தூக்கிச் சோதிக்கவில்லை. அதன் மேல்மூடி முழுக்கச் சுத்தியல் காயம். லோகநாதன் மேல் குற்றமில்லை என்று அறிக்கை வந்தது. தப்பியவர்களில் மூன்று பேர் இனிப்போடு வீட்டுக்கு வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். அவன் எல்லாருக்கும் தலையாட்டினான்.

அவர்கள் போன பிறகு அவன் சொன்னான். "அக்கா, எனக்கு இன்னும் விசில்தான் ஞாபகத்துல இருக்கு. சுத்தியல் ஞாபகமே வரல. நான்தான் அடிச்சேன்னு எல்லாரும் சொல்றாங்க, என் குரலை நானே கேட்டேன், நம்பறேன். ஆனா கண்ண மூடினா நாற்காலியில தூங்கிட்டுத்தான் இருக்கேன்."

"வரும் கண்ணு."

"வராதுக்கா. அது இருந்த எடத்துல இது வந்து உக்காந்துருச்சு."

சுகந்தி அவன் தலையைக் கோதிவிட்டாள். டம்ளரை எடுத்துக்கொண்டு அவன் இடது பக்கமாகச் சமையலறைக்குப் போனாள். அங்கிருந்து, "காப்பி இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா?" என்றாள். பதில் இல்லை. வருத்தத்தில் இருக்கிறான் என்று நினைத்தாள். பக்கத்தில் வந்து, அவன் இடது தோளுக்குப் பின்னால் நின்று, "லோகு," என்றாள். அவன் திரும்பவில்லை. "லோகு!" ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கூடத்தில் கழற்றிய காதுமணியை அவன் அதற்குப் பிறகு மாட்டவேயில்லை.

அவள் அப்படியே நின்றாள். விபத்து நடந்த இரண்டாம் மாதம் அவன் காதை அவளேதான் சோதித்தாள். இரண்டு காதும் இயல்பு என்று அவளேதான் எழுதினாள். மருத்துவமனையில் ஏழு வருஷத்துக்கு முன் வந்த புது இயந்திரத்தில். செவ்வொலிச் சில்லு உள்ள இயந்திரத்தில். மெல்லிய ஒலி ஒன்றை அனுப்பச் சொன்னால் அது அனுப்பும். கேட்பவனுக்கு எட்டவில்லை என்று தெரிந்தால், பாவம் என்று கொஞ்சம் கூட்டிக் கொடுத்துவிடும். அளவு காட்டும் முள்மட்டும் அசையாது.

மறுநாள் காலை லோகுவை ஷமீலாவின் கடைக்குக் கூட்டிப்போனாள். அதே டெஸ்க்டாப், அதே கேபிள், ஸ்பீக்கர் இருந்த இடத்தில் பழைய ஹெட்போன். வலது காதுக்குப் பாதி ஒலிகள்தான் எட்டின. இடது காதில் மெல்லிய ஒலி. கை எழவில்லை. கூட்டினாள். எழவில்லை. இன்னும் கூட்டினாள். பக்கத்தில் நின்ற ஷமீலாவுக்கே ஹெட்போன் வழியாகக் கசிந்து கேட்டது. லோகு பொறுமையாக, நல்ல பிள்ளையாக, கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

"அந்த மெஷின்ல எத்தன பேரைப் பாத்திருப்பீங்கக்கா?" என்றாள் ஷமீலா மெதுவாக.

"பதினோராயிரத்துச் சொச்சம். எல்லாம் மில்லு ஆளுங்க."

அந்த இயந்திரத்தில் சோதித்த எல்லாரையும் மறுபடி சோதிக்க வேண்டும் என்று அன்று மத்தியானமே சுகந்தி மருத்துவமனைக் கண்காணிப்பாளரிடம் கடிதம் கொடுத்தாள். டாக்டர் நளாயினி அதை இரண்டு தடவை படித்தார். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இதை நான் வாங்கலைன்னே வெச்சுக்கலாம். யாருக்கும் தெரியாது. இயந்திரத்தை மெதுவா மாத்திக்கலாம். ஏழு வருஷச் சான்றிதழ்லயும் உங்க கையெழுத்துதான் இருக்கு சுகந்தி. முதல்ல உங்க மேலதான் வருவாங்க."

"தெரியுங்க மேடம். தேதி போட்டு முத்திரை குத்திக் குடுங்க. நகல் எனக்கு வேணும்."

நகலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, காதுச் சோதனைப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் முதல் பெயராக இருந்த முகவரிக்கு வண்டியை விட்டாள். பழனியாத்தாள், தறிக்கூடம், வயது ஐம்பத்திரண்டு. வேலை முடிந்து வந்து வாசலில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். காதுமணி கழுத்துக் கயிற்றில் தொங்கியது. சுகந்தி பின்னாலிருந்து மூன்று தடவை கூப்பிட்டாள். பிறகு சுற்றிக்கொண்டு முன்னால் போய் நின்றாள்.

பழனியாத்தாளுக்கு அவளை அடையாளம் தெரிந்தது. உள்ளே போய் ஒரு தாளை எடுத்து வந்தாள். கண்ணாடிக் காகிதத்தில் போட்டு பத்திரமாக வைத்திருந்தாள்.

"நீங்க குடுத்ததுதானுங்க. தறிக்கூடத்துல சத்தம் தாங்க முடியல, காது அடைக்குது, வேற பக்கம் மாத்துங்கன்னு மூணு தடவ கேட்டேனுங்க. உனக்குக் காது நல்லாருக்குன்னு ஆஸ்பத்திரியிலயே எழுதியிருக்கே, பொய் சொல்றயான்னு மேஸ்திரி இதத்தான் காட்டுனாரு." தாளின் கீழே இருந்த கையெழுத்தின் மேல் விரலை வைத்தாள். "எனக்குத்தான் மனப்பிரமைன்னு அப்புறம் விட்டுட்டேனுங்க."

சுகந்தி அவளுக்கு நேராகக் குனிந்து, உதடு தெரியும்படி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"பிரமை இல்லீங்கம்மா. நான் எழுதுனதுதான் தப்பு. செருப்பப் போட்டுட்டு வாங்க, போய் மறுபடி பாத்துரலாம்."